பழைய கைகர் எண்ணிகளும் வன்னி மண்ணும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் வானொலி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வானொலியோடு வருபவர்கள் குறைந்துபோனதால், சில வருடங்களாக என் மேசையில் வேறு வகைப் பெட்டிகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. யுரேனியம் தேடிப் போனவர்கள் 1950களிலும் 60களிலும் தோளில் மாட்டித் திரிந்த கதிரியக்க அளவுகருவிகள் அவை, பெரும்பாலும் கைகர் எண்ணிகள். முதலாவதை, கனடாவில் இருந்து வந்த மைத்துனர் வேடிக்கைப் பொருளாகக் கொண்டுவந்தார். அதன் பிறகு கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துவிட்டேன். எழுதி வைத்துவிட்டால் கையைக் காட்டி விடலாம்.

இதை வைத்துத் தங்கம் எடுக்கலாமா?

முதல் கேள்வி எப்போதும் இதுதான். முடியாது. இயற்கையில் கிடைக்கும் தங்கம் சிதைவதில்லை, கதிர் வீசுவதில்லை. ஒரு கிலோ தங்கத்தின் மேல் குழாயைப் பிடித்தாலும் வெறும் முற்றத்தில் பிடித்தாலும் ஊசி ஒரே மாதிரித்தான் ஆடும். போர்க்காலத்தில் புதைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நகைகளைத் தேடி இரவில் குழி தோண்டுகிறவர்கள் இந்தப் பெட்டியை ஒரு நாள் வாடகைக்குக் கேட்டு வந்திருக்கிறார்கள். அனுமதியில்லாமல் புதையல் தோண்டுவது குற்றம் என்பது ஒரு பக்கம். அவர்கள் நினைத்து வந்த கருவியே இது இல்லை என்பது மறுபக்கம். உலோகம் காட்டும் கருவி மண்ணுக்குள் காந்தப் புலத்தை அனுப்பி, திரும்பி வருவதைப் பார்க்கிறது. கைகர் எண்ணி எதையும் அனுப்புவதில்லை. வருவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறது. குழப்பத்துக்குப் பழைய அமெரிக்கக் கம்பனிகளும் ஒரு காரணம். டிடெக்ட்ரோன் போன்றவை இரண்டு வகையையும் செய்து விற்றன. பெட்டி, தோள்வார், காதுக்கருவி எல்லாம் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

மிதிவெடி இருக்கும் இடத்தைக் காட்டுமா?

காட்டாது. வெடிமருந்தும் பிளாஸ்ரிக்கும் இரும்பும் கதிர் வீசுவதில்லை. இந்தப் பதிலோடு நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. ஊசியைப் பார்த்துக்கொண்டு நடப்பவன் காலடியைப் பார்ப்பதில்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் யுரேனியம் தேடியவன் அதிகம் போனால் பாம்பை மிதித்திருப்பான். நம் காடு அப்படி இல்லை. மண்டையோட்டுப் பலகை நட்ட இடத்துக்கு மட்டும் நான் இதைச் சொல்லவில்லை. வெடிபொருள் அகற்றி முடிந்ததென்று உறுதியாகத் தெரியாத எந்தப் பற்றைக்குள்ளும் இந்தப் பெட்டியோடு இறங்காதீர்கள். நான் அளப்பது வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் கிரவல் வீதியிலும்தான். அங்கேயே கேட்பதற்குப் போதிய சத்தம் இருக்கிறது.

அப்படியென்றால் எதைத்தான் காட்டும்?

பக்கத்தில் எங்கோ ஓர் அணு சிதைந்தது என்பதை. ஓர் உலோகக் குழாய், உள்ளே குறைந்த அமுக்கத்தில் வாயு, நடுவில் ஒரு மெல்லிய கம்பி. கம்பிக்கும் குழாய்ச் சுவருக்கும் இடையில் சில நூறு வோல்ட். கதிர் ஒன்று உள்ளே நுழைந்து ஓர் இலத்திரனைத் தட்டிவிட்டால், அது கம்பியை நோக்கி ஓடும் வழியில் இன்னும் பலவற்றைத் தட்டிவிடும். நெல்லிக்காய் மூட்டை அவிழ்ந்த மாதிரிதான். அந்த ஒரு துடிப்புக் காதுக்கருவியில் 'டிக்' என்று கேட்கிறது. ஹான்ஸ் கைகரும் ரதர்ஃபோர்டும் 1908இல் மான்செஸ்டரில் இதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். 1928இல் கைகரும் அவருடைய மாணவர் வால்டர் முல்லரும் இன்று நாம் காணும் குழாயாக்கினார்கள்.

முதன்முறை கேட்பவர்கள் "ஒழுங்காக அடிக்கவில்லையே, பழுதா?" என்பார்கள். ஒழுங்காக அடித்தால்தான் பழுது. சட்டியில் நெற்பொரி பொரிவதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டு சேர்ந்து வெடிக்கும், பிறகு ஓர் இடைவெளி, பிறகு நாலு. அணுவும் அப்படித்தான், கணக்குப் பார்த்து வெடிப்பதில்லை. அதனால் பத்து விநாடி கேட்டுவிட்டு முடிவு சொல்லக்கூடாது. ஓர் இடத்தில் ஐந்து நிமிடமாவது எண்ணுங்கள்.

இந்தக் குழாய் வருவதற்கு முன்னர் கதிர் வீசும் கல்லை எப்படி அறிந்தார்கள்?

பொன்தகட்டு மின்காட்டியால். ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு மெல்லிய பொன்தகடுகள் தொங்கும். மின்னேற்றம் கொடுத்தால் விலகி நிற்கும். பக்கத்தில் கதிர் வீசும் கல் இருந்தால் காற்று மின்னைக் கடத்தத் தொடங்க, தகடுகள் மெல்ல விழுந்துவிடும். எவ்வளவு வேகமாக விழுகின்றன என்று மணிக்கூடு வைத்துப் பார்ப்பார்கள். உரொஞ்சிய சீப்பால்கூட அதற்கு மின்னேற்றலாம், பற்றரியே தேவையில்லை. ஆனால் நம்முடைய மாரிக்கால ஈரக் காற்றில் அது சரியாக நிற்காது. நான் செய்து பார்த்தது மார்கழியில். கல் எதுவும் வைக்காமலே தகடுகள் விழுந்தன.

அந்தக் காலத்தின் பெரிய கதை ஒன்றில் இலங்கைக்கும் பங்குண்டு. ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்றாசிரியராகவே அறிவோம். சேர் முத்து குமாரசுவாமியின் மகனான அவர் தொழிலால் முதலில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் அளவீட்டின் பணிப்பாளராக இருந்தார். சப்ரகமுவப் பக்கத்து ஆற்றுச் சரளையில் அகப்பட்ட, கனமான கறுப்புச் சதுரமுகிப் பளிங்குகள் 1904இல் புதிய கனிமம் என்று தெரியவந்தது அந்தக் காலத்தில்தான். அதற்குத் தோரியனைட்டு என்று பெயர். பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, கூடவே யுரேனியம். அடுத்த வருடமே, பிற்காலத்தில் யுரேனிய அணுவைப் பிளந்து பெயர்பெற்ற ஓட்டோ ஹான், லண்டனில் இலங்கைத் தோரியனைட்டில் இருந்து கிடைத்த பொருளை ஆராயும்போது தோரியம் சிதைந்து பிறக்கும் ரேடியோதோரியம் என்ற கதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தார். இரத்தினக்கல் தேடுகிறவர்கள் சல்லடையில் ஒதுக்கியெறியும் ஒரு கறுப்புக் கல்லுக்கு இவ்வளவு பெரிய சபை கிடைத்தது.

மஞ்சள் பெட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். நல்லதா?

பெட்டியில் உள்ள இலக்கத்தைப் படியுங்கள். பிறகு பேசலாம்.

அணுகுண்டுப் பயத்தில் அமெரிக்க அரசு குடிசார் பாதுகாப்புக்கென்று லட்சக்கணக்கில் செய்வித்தவை இந்த மஞ்சள் பெட்டிகள். சிடிவி-700 என்று இருந்தால் உங்களுக்கு நல்ல காலம், அதில் கைகர் குழாய் இருக்கிறது. மிக நுண்ணிய அளவில் வைத்தால் மணிக்கு அரை மில்லி ரொன்ட்ஜனுக்கே (ரொன்ட்ஜன் என்பது கதிரை அளக்கும் பழைய அலகு), அதாவது நிமிடத்துக்கு 300 எண்ணிக்கைக்கே, ஊசி கடைசிவரை சாய்ந்துவிடும். கல்லும் மணலும் பார்க்க அது போதும். சிலவற்றைச் செய்தது லயனல் என்ற பொம்மை ரயில் கம்பனி. அந்தப் பெட்டிகள் கெட்டியாகவே இருக்கின்றன.

சிடிவி-715 என்று இருந்தால் கதை வேறு. அதே மஞ்சள், அதே கைப்பிடி, ஆனால் உள்ளே கைகர் குழாய் இல்லை, கதிர் காற்றில் உண்டாக்கும் சிறு மின்னோட்டத்தை அளக்கும் அயனாக்க அறை ஒன்றுதான். அதன் மிகச் சிறிய அளவிலும் ஊசி முழுவதும் சாய மணிக்கு அரை ரொன்ட்ஜன் வேண்டும். 700ஐ விட ஆயிரம் மடங்கு. குண்டு விழுந்த ஊரில் பாவிப்பதற்காகச் செய்யப்பட்ட கருவி அது. ஒரு கல்லுக்கு அது அசைந்தால் கல்லை ஆராய வேண்டாம், ஓடுங்கள். பிரித்தானிய இராணுவத்தின் ரேடியாக் சேர்வே மீற்றர் நம்பர் 2உம் இந்தச் சாதிதான். இணையத்தில் ஒரு விற்பனையாளர் 715ஐ 'யுரேனியம் தேடும் கருவி' என்று எழுதி எனக்கு விற்றார். ஊசி அசையவில்லை என்று இரண்டு கிழமை திருத்தினேன். அதில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

அரசு இரண்டையும் செய்வித்ததற்குக் காரணம் உண்டு. கதிர் அளவுக்கு மீறினால் 700இன் குழாய் திணறிப்போய் ஊசி பூச்சியத்துக்கு இறங்கிவிடும். எல்லாம் நலம் என்று பொய் சொல்லும்.

1950களில் மட்டும் ஏன் இவ்வளவு கருவிகள்?

யுரேனியத்துக்குப் பிறந்த பேராசை. அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழு 1948இல் யுரேனியத் தாதுக்குப் பத்து வருட உத்தரவாத விலை அறிவித்தது. தங்கம் தேடிய தலைமுறை முடிந்து கைகர் எண்ணி தூக்கும் தலைமுறை தொடங்கியது. விற்பனைப் பிரதிநிதியும் ஆசிரியரும் விடுமுறைக்கு யூட்டா மலைகளில் பெட்டியோடு அலைந்தார்கள். அவர்களில் மிகப் பெரிய பணக்காரரான சார்லி ஸ்டீனிடம் ஒரு கைகர் எண்ணி வாங்கவே காசு இருக்கவில்லை. 1952இல் அவர் துளையிட்டு எடுத்த கறுப்புக் கல் என்னவென்று அவருக்கே தெரியவில்லை. சிஸ்கோ என்ற சிற்றூரின் பெற்றோல் நிலையத்தில் வேறொருவரின் எண்ணிக்குக் கீழே அந்தக் கல்லைப் பிடித்தபோதுதான் ஊசி ஓரத்துக்குப் பாய்ந்தது. மி விடா என்ற யுரேனியச் சுரங்கம் பிறந்தது அப்படி. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். கருவி பக்கத்து வீட்டில் இருந்தாலும் போதும். இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவருடைய புவியியல் படிப்பு.

மினுக்க எண்ணி என்பது வேறா?

வேறு, மேலானது, விலையும் கூட. 1948இல் ரொபர்ட் ஹொஃப்ஸ்டாட்டர், தாலியம் சிறிது கலந்த சோடியம் அயடைட்டுப் பளிங்கில் கதிர் படும்போது நல்ல ஒளிப்பொட்டுத் தோன்றுவதைக் காட்டினார். அந்தப் பொட்டை ஒளிப்பெருக்கிக் குழாய் மின்துடிப்பாக்கும். காமாக் கதிர்களில் பெரும்பாலானவை கைகர் குழாயை ஊடுருவிப் போய்விடும், நூற்றில் ஒன்றைப் பிடித்தாலே பெரிய காரியம். கனமான பளிங்கு அவற்றில் பெரும்பங்கைப் பிடித்துவிடும். அதனால் வாகனத்தில் ஓடிக்கொண்டே அளக்கவும் விமானத்தில் இருந்து தேடவும் முடிந்தது. அமெரிக்க பிரிசிசன் நிறுவனத்தின் 111 மாதிரியும், சோவியத் புவியியலாளர்கள் தூக்கித் திரிந்த எஸ்ஆர்பி-68-01உம் இந்த வகை.

இரண்டு எதிரிகள் இதற்கு. ஒன்று ஈரம். சோடியம் அயடைட்டு, திறந்து வைத்த உப்பு மாதிரி நீரை உறிஞ்சி மஞ்சளாகும். உறை விரிசல் விட்ட பளிங்கு நம் மாரியைத் தாங்காது. மற்றது வெளிச்சம். மின் இருக்கும்போது ஒளிப்பெருக்கிக் குழாயில் வெளிச்சம் படக்கூடாது. எனக்கு இது தெரியும். தெரிந்தும் ஒருநாள், பற்றரியைக் கழற்ற மறந்து, குழல் விளக்குக்குக் கீழே மூடியைத் திறந்தேன். இப்போது அந்தக் குழாய் என் மேசையில் கடதாசி பறக்காமல் இருக்க உதவுகிறது.

பற்றரி எங்கே வாங்குவது?

பிற்காலத் திரான்சிற்றர் கருவிகளுக்குத் தடித்த ரோச் பற்றரி போதும். வால்வு வைத்த பழையவைதான் 22.5 வோல்ட், 67.5 வோல்ட், சிலது 300 வோல்ட் பற்றரி கேட்கும். அவை கடைகளில் இல்லை. ஒன்பது வோல்ட் சதுரப் பற்றரிகளை ஒன்றின் தலையில் ஒன்றாகக் கொழுவிக்கொண்டு போனால் ஏழு சேர்ந்து 63 வோல்ட், அதுவே போதும். 300 வோல்ட்டுக்கு 33 வேண்டும். இழுக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் மாதக் கணக்கில் நிற்கும். ஆனால் 300 வோல்ட் நேரோட்டம் விளையாட்டு இல்லை. கொழுவியதும் சுற்றிக் கட்டி மூடிவிடுங்கள்.

வன்னிக்குள் ரோச் பற்றரி வரத் தடையிருந்த 90களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் டைனமோ மின்னில் செய்தி கேட்டோம். 67.5 வோல்ட் பற்றரி இல்லையென்று யாராவது முகம் வாடினால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கசிந்த பற்றரியின் கறைக்கு: அல்கலைன் வகை என்றால் தேசிக்காய்ச் சாறு, பழைய கரி வகை என்றால் அப்பச்சோடாக் கரைசல். மாற்றிப் போட்டால் கறை போகாது.

ஊசி எப்போதும் ஓரத்திலேயே நிற்கிறது. கதிரா, பழுதா?

பெரும்பாலும் குழாயின் ஆயுள் முடிந்திருக்கிறது. பழைய குழாய்களில் மின்னிறக்கத்தை அடக்குவதற்கு அற்ககோல் போன்ற ஆவி நிரப்பினார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் அது கொஞ்சம் செலவாகும். தீர்ந்தபின் ஒரு துடிப்புத் தொடங்கினால் நிற்காது. புரோமின் போன்றவை நிரப்பிய பிற்காலக் குழாய்களுக்கு இந்தச் சாவு இல்லை. மாற்றுக்கு சோவியத் எஸ்பிஎம்-20 குழாய் மலிவாக அகப்படும். அது 400 வோல்ட்டுக்கானது, சிடிவி-700 கொடுப்பது 900. நேரடியாகக் கொழுவினால் அதுவும் போய்விடும்.

அந்த 900 வோல்ட்டைச் சாதாரண மல்ரிமீற்றரால் அளந்து "200தான் வருகிறது" என்று மின்சுற்றைப் பிரித்துப்போட்டவர்கள் உண்டு. மீற்றரே அழுத்தத்தை இழுத்து விழுத்திவிடுகிறது. ஆயிரம் மெகாஓம் தடையி ஒன்றைத் தொடராக வைத்து அளக்க வேண்டும். அந்தப் பெரிய தடையிகளின் உடலை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் வழியாக மின் கசியும். கடதாசிக் கொள்ளளவிகளை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று ஊரில் எதை வைத்துப் பார்ப்பது?

பொட்டாஷ் உர மூடை. வயல்காரர் எம்.ஓ.பி. என்று சொல்லும் அதே உரம். எல்லாப் பொட்டாசியத்திலும் பத்தாயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு, பொட்டாசியம்-40 என்ற சிதையும் வகை. 50 கிலோ மூடையொன்றில் விநாடிக்கு ஏறக்குறைய 8 லட்சம் அணுக்கள் சிதைகின்றன. பயப்பட வேண்டாம், பெரும்பகுதி மூடைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. குழாயின் கதவைத் திறந்து மூடையோடு ஒட்டிப் பிடியுங்கள், டிக் சத்தம் நெருங்குவது காதுக்கே தெரியும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது வயல்காரரோடு சேர்ந்து நானும் பொட்டாஷுக்கு அலைந்தேன். காரணம் சொன்னால் அடிப்பார்கள் என்று சொல்லவில்லை.

இன்னொன்று பழைய பெற்றோமாக்ஸ் மென்டில். அந்த வெள்ளை வலைப்பை எரிந்தபின் மிஞ்சுவது தோரியம் ஒட்சைட்டு, கூடவே நூற்றில் ஒன்று சீரியம் ஒட்சைட்டு. மின்சாரம் இல்லாத வருடங்களில் கலியாணமும் திருவிழாவும் அந்த வெளிச்சத்தில்தான் நடந்தன. பாவிக்காத பழைய மென்டில் ஒன்று இருந்தால் பொலித்தீன் பைக்குள் ஒட்டி, பைக்கு வெளியே இருந்து பாருங்கள். உர மூடையை விடப் பல மடங்கு பேசும். புதிய மென்டில்களில் தோரியத்துக்குப் பதிலாக இற்றியம் வருவதால் அவை மௌனமாக இருக்கலாம். எரிந்த மென்டிலின் சாம்பலை மட்டும் ஊதாதீர்கள், மூச்சில் எடுக்காதீர்கள்.

வன்னியில் யுரேனியம் இருக்கிறதா?

சுரங்கம் வெட்டும் அளவிலா என்றால், அப்படி எதையும் என் பெட்டி சொல்லவில்லை. துளித்துளியாகவா என்றால், எந்தக் கல்லிலும் இருக்கிறது. புவியியலாளர் இலங்கையின் பழம்பாறைகளைப் பிரிக்கும்போது ஒரு பிரிவுக்கே வன்னித் தொகுதி என்றுதான் பெயர். அதில் கருங்கற்சாயல் கொண்ட நைஸ் பாறைகள் நிறைய. அவற்றின் இளஞ்சிவப்புக் களிக்கல்லில் (ஃபெல்ட்ஸ்பார்) பொட்டாசியம் உண்டு. அதனால் வவுனியாப் பக்கத்துப் பாறைமேல் எண்ணிக்கை சற்றுக் கூடும், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லில் குறையும். இதைப் புதையல் என்று எண்ணுகிறவர்கள் உண்டு.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரையின் கனிம மணல்தான் சுவையான இடம். ஆனால் கறுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட்டு, அது பேசாது. பேசுவது அதோடு சிறிதளவு கலந்திருக்கும் தேன்நிறப் பொடி, மொனசைட்டு. தோரியம் அதில்தான் இருக்கிறது. குமரிக் கரையின் மணவாளக்குறிச்சியில் தோண்டுவதும் இதே கனிமத்தை.

கைகர் எண்ணியால் யுரேனியத்தையும் தோரியத்தையும் பொட்டாசியத்தையும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்குக் கதிரின் சக்தியை அளக்கும் மினுக்க நிறமாலைமானி வேண்டும். தவிர, அரை மீற்றர் மண் மூடினாலே கீழிருந்து வரும் காமாக் கதிரில் பெரும்பகுதி அடங்கிவிடும். பெட்டி பார்ப்பது நிலத்தின் தோலை மட்டும்தான்.

ஒரே ஊரில் இடத்துக்கிடம் ஏன் மாறுகிறது?

சுற்றிவர எவ்வளவு கல் இருக்கிறது என்பதால். கருங்கல் கட்டிய கிணற்றுக்குள் இறக்கினால் ஏறும், ஏனெனில் கல் எல்லாப் பக்கமும் சூழ்ந்திருக்கிறது. யுரேனியம் தேடியவர்கள் குகைக்குள் நுழைந்ததும் கூத்தாடி ஏமாந்தது இதனால்தான். மாறாக, வள்ளத்தில் ஏறி இரணைமடுக் குளத்தின் நடுவுக்குப் போங்கள். தண்ணீர் நிலத்தின் கதிரை மறைத்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் வானத்தில் இருந்து வருவது. அந்த மெலிந்த டிக் சத்தத்தை ஒரு மாலை முழுவதும் கேட்டிருக்கிறேன். மீன் பிடிக்க வந்தவர்கள் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

மழை பெய்தால் ஊசி ஏறுகிறதே?

ஏறும், குறிப்பாக நீண்ட வெயிலுக்குப் பிறகு ஒக்டோபரில் விழும் முதல் மழைக்கு. மண்ணில் இருந்து கிளம்பிய ரேடன் வாயு காற்றில் சிதைந்து பிறப்பித்த ஈயமும் பிஸ்மத்தும் மழையோடு இறங்குகின்றன. வாகனத்தின் முன்மூடியை ஒரு கடதாசியால் துடைத்துக் குழாயில் பிடித்தால் தெளிவாகத் தெரியும். அவற்றின் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், அரைமணி நேரத்துக்கும் குறைவு. ஓரிரண்டு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாசிப்பை உடலில் படும் கதிருக்கான அலகான மைக்ரோ சீவர்ட்டாக மாற்றி 'எங்கள் வீடு பாதுகாப்பானது' என்று சொல்லலாமா?

வேண்டாம். அறுபது வயதுக் கருவி, அளவுதிருத்தம் செய்யப்படாதது. இங்கே கூடுகிறது, அங்கே குறைகிறது என்று மட்டும் அதை நம்புங்கள்.

வீட்டில் வைத்திருப்பது ஆபத்தா?

எண்ணியே ஆபத்தில்லை, அதோடு வருபவை இருக்கலாம். சில பழைய மீற்றர்களின் ஊசியிலும் எண்களிலும் ரேடியப் பூச்சு உண்டு. இருட்டில் ஒளிர்வது நின்றுபோயிருக்கும், ஆனால் ரேடியத்தின் அரைவாழ்வு 1600 வருடம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், பூச்சைச் சுரண்டாதீர்கள், பிள்ளைகளின் கைக்குக் கொடுக்காதீர்கள். சில பெட்டிகளின் பக்கவாட்டில் சோதனைக்கென ஒட்டிய சிறு கதிர்மூலமும் இருக்கும். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் இவ்வகைப் பொருட்களுக்கு ஓர் ஒழுங்குபடுத்தும் சபை இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதற்கு முன்னர் அங்கே கேளுங்கள். கனிமம் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். அளக்க மட்டும் போகிறீர்கள் என்றாலும் கிராம அலுவலரிடம் முதலில் சொல்லிவிட்டுப் போங்கள். காதுக்கருவியோடு குளக்கட்டில் குனிந்து நடக்கும் மனிதனைப் பார்த்தால் நம் ஊர் என்ன நினைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

உங்களிடம் உள்ளவற்றில் ஒன்றை விற்பீர்களா?

715 இருக்கிறது. இலவசமாகவே எடுத்துப் போகலாம்.